அமைச்சர் சொன்ன எண்

கட்டிக்காரருக்கு ஒரே அக்கா. அந்த அக்காவின் புருஷன் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். பின்னாளில் விஞ்ஞானத் துறை அமைச்சரானவர் அவர்தான். அவருக்குக் கூடப்பிறந்த தம்பிகள் நாலு, தங்கைகள் இரண்டு, சித்தப்பா பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். பதவி வந்த மறுநாள் காலையில் அத்தனை பேரும் அவர் வீட்டு முன்னறையில் ஆஜர். ஒரு காலத்தில் இவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த பெரியப்பா மகன்கூட, "எங்க தம்பிக்குச் சின்ன வயசுலேயே மூளை" என்று யாரோ ஒரு நிருபரிடம் அளந்துகொண்டிருந்தான். வராத ஒரே சொந்தம் கட்டிக்காரர். அன்றைக்குக் கல்லூரி ஆய்வகத்தில் உடைக்க வேண்டிய கட்டிகள் ஒன்பது இருந்தன.

கட்டி என்றால் உடம்பில் வருகிற கட்டி இல்லை. ஒருமுறை அமைச்சக வாசலில் இருந்த காவலாளிக்கு இதைப் புரியவைப்பதற்குள் கட்டிக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்ன வேலை பாக்குறே?"

"கட்டி உடைக்கிறேன்."

"டாக்டரா? பாத்தா தெரியலையே!"

"கான்கிரீட் கட்டிங்க."

"அதை ஏன்யா உடைக்கிறே? கட்டுறதுக்குத்தானே கான்கிரீட்டு?"

எங்கே தூணோ கூரையோ வார்த்தாலும், அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, சாண் அளவு இரும்பு அச்சுகளில் நிரப்பி வைப்பார்கள். இறுகியதும் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று எடுத்து, இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். நொறுங்குவதற்கு முன் அது எவ்வளவு தாங்கியது என்பதுதான் எண். அந்தக் கட்டிடத்தின் ஜாதகமே அந்த எண்ணில் இருக்கிறது. முப்பது வருஷமாக அந்த எண்களை எழுதியவர் கட்டிக்காரர்.

வேலைக்குச் சேர்த்துவிட்டது அத்தான்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது இவர் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, மல்லாந்து படுத்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தான் அப்போது இளம் விரிவுரையாளர். சிமெண்டு தின்ற விரல்கள், நகக்கண்ணெல்லாம் வெடிப்பு. அவர் சட்டையை உதறினால் ஒரு கைப்பிடி மண் விழும். அக்கா புகுந்த வீட்டுக்குப் போன முதல் வாரமே, "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள். அவரும் பண்ணினார்.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு தவறு நடந்தது. இயந்திர இரைச்சலில் அத்தான் "இருபத்தேழு" என்று சொன்னது இவர் காதில் "இருபத்தெட்டு" என்று விழுந்தது. எழுதிவிட்டார். சாயங்காலம் அத்தான் கண்டுபிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"ஒரு எண்தானே அத்தான்?"

"அந்த ஒரு எண்ணு மேலதான்டா ஒரு மாடியே நிக்குது."

அன்றிலிருந்து ஆய்வகத்தில் ஒரு சட்டம் வந்தது. இயந்திரத்தருகே நிற்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பதிவேட்டின் முன் உட்கார்ந்திருப்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது; குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் காரணம், கீழே கையெழுத்து. பக்கங்களுக்கெல்லாம் அத்தானே தன் கையால் எண் போட்டுவிடுவார். ஒரு தாளை உருவினாலும் பல் விழுந்த வாய் போலக் காட்டிக்கொடுத்துவிடும். ‘சுமார்’ என்ற சொல்லுக்கு அந்த அறையில் இடமே கிடையாது. "சுமாரா முப்பது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்ற மாணவர்கள் எத்தனையோ பேர். அதனால் அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே ‘சுமார்’.

இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறி, இரண்டு பேரோடும் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா சமையலறையிலிருந்து "ரொட்டி ரெண்டு" என்றால், புருஷனும் தம்பியும் ஒரே குரலில் "ரொட்டி ரெண்டு" என்பார்கள். "கட்டிக்கிட்டதும் கிளி, கூடப் பொறந்ததும் கிளி. கூண்டுதான் ஒண்ணு வாங்கணும்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அமைச்சர் பதவி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஓர் ஆற்றுப் பாலம் விழுந்தது. தொலைக்காட்சியில் ஐந்து பேரை உட்காரவைத்துக் கேட்டார்கள். மற்ற நாலு பேரும் மென்று முழுங்க, பேராசிரியர் மட்டும் அந்தப் பாலத்தின் ஒரு துண்டை மேசையில் வைத்து, விரலாலேயே உதிர்த்துக் காட்டினார். "இது பாலம் இல்ல. பிஸ்கட்டு" என்றார். ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் அவர் பேச்சு. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்சியில் இருந்தவர்களுக்குக் கறை படாத முகம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. சட்டை வாங்குவது போல வந்து பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள்.

முதல் ஆறு மாதம் கட்டிக்காரருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனவர், வாசலில் நின்று அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை குலுக்கினார்கள். ஒரு கை குலுக்கி முடித்ததும் உதவியாளர் வாசனைக் காகிதம் ஒன்றை நீட்டுவார். அமைச்சர் விரல் விரலாகத் துடைத்து, எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் கீழே போடுவார். அதைப் பொறுக்க இன்னொரு ஆள் குனிந்தபடியே நின்றான். பழைய வெடிப்பெல்லாம் போய், அத்தானின் விரல்கள் வேகவைத்து உரித்த கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தன. அந்த வழவழப்பும், அந்த மல்லிகை எசென்ஸ் நெடியும் சேர்ந்து கட்டிக்காரரை ஓர் அடி பின்னால் தள்ளின. அக்கா கொண்டுவந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஆள் தண்ணீரில் ஓடும் மோட்டார் என்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். கட்சியில் பெரிய இடத்துக்குச் சொந்தக்காரன். அமைச்சர் பொத்தானை அழுத்தினார், அது டுபுடுபு என்றது, அமைச்சர் கை தட்டினார். எல்லாப் பத்திரிகையிலும் படம்.

"அத்தான், அது நிஜமாவே தண்ணியில ஓடுமா?"

"நீ வேற! உள்ளே பேட்டரி வெச்சிருக்கான்."

"தெரிஞ்சேவா கை தட்டினீங்க?"

"தட்டினா என்ன, கை தேஞ்சா போயிடும்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் முன்பல்லில் கேக்கின் கிரீம் ஒட்டியிருந்தது. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. கட்டிக்காரரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவரிடம் சொல்லக்கூடியது எது, கூடாதது எது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் விஞ்ஞான மாளிகை வந்தது. அமைச்சரின் சொந்தத் திட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க, பன்னிரண்டு தூண்கள் மேல் ஒரே கூரையாக ஒரு பெரிய கூடம். திறப்பு விழாவுக்குக் கட்சித் தலைவரே வருகிறார். அன்றைக்கு உள்ளே தொள்ளாயிரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டுப் பாடவைப்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பெயர்கூட எழுதி வாங்கிவிட்டார்கள்.

தூண்களின் கட்டிகள் கட்டிக்காரரின் ஆய்வகத்துக்கு வந்தன. முப்பது தாங்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள் முதல் கட்டியை வைத்ததும், இயந்திரத்தில் நின்ற உதவியாளர் பெண், "பதினேழு புள்ளி ரெண்டு" என்றாள்.

கட்டிக்காரர் திருப்பிச் சொல்லவில்லை. "சரியாப் பாரும்மா" என்றார்.

"பதினேழு புள்ளி ரெண்டுதான் சார்."

அடுத்தது பதினாறு புள்ளி எட்டு. மூன்றாவது பதினெட்டு புள்ளி ஒன்று. உடைந்த துண்டைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் ஈர மணல் மாதிரி உதிர்ந்தது. மூன்றையும் எழுதி முடித்துவிட்டு நேரே அத்தானுக்குப் போன் போட்டார்.

"அத்தான், மாளிகைத் தூண் கட்டி மூணும் பதினேழு கிட்டதான் நிக்குது."

பழைய அத்தானாக இருந்தால், "மூணையும் தனித்தனியாச் சொல்லு" என்று கேட்டிருப்பார். இவர் கேட்டது வேறு.

"யார் யாருகிட்ட சொன்னே?"

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கூடவே அவருடைய செயலாளர், கட்டிட ஒப்பந்தக்காரர். இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, உதவியாளர் பெண்ணையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"எப்படி மச்சான் இருக்கே? இளைச்சுப் போயிட்டியே."

"இருக்கேன் அத்தான்."

"இங்க பாரு. அந்தப் பசங்க கட்டியைத் தண்ணியில போடாம வெயில்ல காய வெச்சிருப்பானுங்க. கட்டிதான் கெட்டது. தூணு நல்லாத்தான் இருக்கும்."

"இருக்கலாம். அப்போ தூண்லயே துளை போட்டுத் துண்டு எடுத்து உடைச்சுப் பாத்துடலாம். ரெண்டு வாரத்துல தெரிஞ்சிடும்."

"திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"தள்ளி வைங்க."

"தலைவர் தேதி குடுத்திருக்காரு. நினைச்சா மாத்துறதுக்கு அவர் என்ன உன் மாமனாரா?"

"தொள்ளாயிரம் பிள்ளைங்க உள்ளே உக்காருதுங்க அத்தான்."

"உக்காரட்டுமே! கூரை என்ன அன்னிக்கேவா விழுந்துடப் போகுது?"

அன்னிக்கே. அந்த ஒரு சொல் கட்டிக்காரரின் காதுக்குள் புழு மாதிரி நெளிந்தது. கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார் என்பது புரிந்துவிட்டது. பாரம் ஏற ஏற, வருஷம் போகப் போகத்தான் விழும். அதற்குள் இவர் வேறு துறைக்குப் போயிருப்பார், அல்லது வீட்டுக்குப் போயிருப்பார். விழுகிற அன்றைக்கு உள்ளே யார் வீட்டுப் பிள்ளை இருக்குமோ, அது அவர் கணக்கில் இல்லை. முப்பது வருஷம் வகுப்பெடுத்த மூளை அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. படிக்காதவன் போட்டிருந்தால்கூட இவ்வளவு நாற்றம் அடித்திருக்காது.

"மறு சோதனைன்னு ஒரு தலைப்புப் போடு. மூணு எண்ணு. அவ்வளவுதான். நானே சொல்றேன்."

சொல்லிக்கொண்டே அமைச்சர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். இடது கையை அதன் மேல் வைத்து, லேசாகச் சாய்ந்து, இருபத்தைந்து வயதில் நின்ற அதே நிற்பு. கட்டிக்காரரும் தன்னையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா கையில் வந்துவிட்டது.

"முப்பத்திரண்டு புள்ளி நாலு!"

"முப்பத்திரண்டு புள்ளி நாலு" என்றார் கட்டிக்காரர். எழுதினார்.

"முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது!"

"முப்பத்தொண்ணு புள்ளி…"

நிமிர்ந்து பார்த்தார். இயந்திரத்தின் தாடைகள் திறந்து கிடந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. நேற்றைய தூசி மட்டும் இருந்தது.

வாயெல்லாம் கசந்தது. ஒரு எண்ணைத் தன் வாயாலேயே திருப்பிச் சொல்லியாகிவிட்டது, தன் கையாலேயே எழுதியும் ஆகிவிட்டது. அத்தான் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் நாக்கின் மேல் வந்தது பெரிதாக இருந்தது. முப்பது வருஷம் நல்லதற்கென்று பழக்கிய நாக்கு, ‘சொல்லு’ என்றவுடன் நாய்க்குட்டி மாதிரி ஓடிப் போய்க் கவ்விக்கொண்டு வந்துவிட்டதே!

எழுதிய எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில், காரணம் எழுதும் இடத்தில், நிதானமாக எழுதினார்: ‘கட்டி எதுவும் உடைக்கப்படவில்லை. இது அமைச்சர் சொன்ன எண்.’ கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அமைச்சர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கிழிடா அதை."

"நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம் அத்தான். எண்ணு போட்டது நீங்க."

"விளையாடறியா? நடுத்தெருவுல நின்னவனைக் கூட்டிட்டு வந்து, சோறு போட்டு ஆளாக்கினேன்டா உன்னை!"

"ஆமா அத்தான். அந்தச் சோறுதான் இப்போ வயித்தைப் புரட்டுது."

அமைச்சர் ஓர் அடி முன்னால் வந்தார். பதிவேட்டின் மேல் கை வைத்தார். கட்டிக்காரரும் கை வைத்தார். பெரிய மனுஷர் இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே செயலாளர் கதவைத் தட்டினார். "சார், நேரமாச்சு." அமைச்சர் கையை எடுத்தார். வாசனைக் காகிதத்துக்காக இரண்டு பைகளிலும் தேடினார். இல்லை. சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கட்டிக்காரர் குழாயடிக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். அப்புறம் வந்து, எந்தச் சோதனை முடிந்தாலும் செய்கிற வேலையைச் செய்தார்: பக்கத்தை நகலெடுத்து, உறையில் போட்டு, கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார். கூடுதலாக ஒரு வார்த்தை எழுதவில்லை. நகலில் அவ்வளவும் இருந்தது.

மறுநாள் காலை மாற்றல் உத்தரவு வந்தது. மாணவர் விடுதியில் உடைந்த கட்டில்களைக் கணக்கெடுக்கும் வேலை. ஆய்வகச் சாவியைச் செயலாளர் நேரில் வந்து வாங்கிக்கொண்டார். வாங்கும்போது, "குடும்பத்துக்குள்ள இப்படியா பண்றது?" என்று உச்சுக்கொட்டினார்.

"குடும்பம்னா கட்டில் எண்ணுற வேலையாவது கிடைச்சுது. வெளி ஆளுன்னா அதுவும் இல்லல்ல?" என்றார் கட்டிக்காரர்.

வேலை நடக்கும் இடத்தில் பொறுப்பில் இருந்த பெண் பொறியாளர், ஒரு காலத்தில் ‘சுமாரா’ என்று சொல்லிவிட்டு வெளியே நின்றவள். நகலைப் படித்தாள். கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பங்களைக் கழற்ற வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். "தூண்ல துளை போட்டுப் பாக்காம ஒரு கம்பத்தைக் கூட எடுக்க விடமாட்டேன்" என்று ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் குதித்தார், மிரட்டினார். அவள் கம்பத்தில் சாய்ந்துகொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள் என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். நாலாம் நாள் நகல் எப்படியோ பத்திரிகைக்குப் போய்விட்டது. ‘அமைச்சர் சொன்ன எண்’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

திறப்பு விழா நின்றது. தூண்களைத் துளைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டில் ஏழு, கட்டிகளைவிட மோசம். கூரையைக் கம்பங்களில் நிறுத்திவைத்துக்கொண்டு ஏழையும் இடிக்க உத்தரவாயிற்று.

இனி அத்தான் தொலைந்தார், ராஜினாமாதான் என்று கட்டிக்காரர் நினைத்தார். விடுதிக் கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து அக்காவுக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டார். தம்பியைத் தேடி அக்காவே வீட்டுக்கு வந்திருந்தாள் அந்தச் சாயங்காலம். இரண்டு பேரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தபோது திரையில் அமைச்சர் வந்தார். இடிபடும் தூண் ஒன்றின் பக்கத்தில் தலைக்கவசம் போட்டு நின்றுகொண்டு, கண் கலங்கப் பேசினார்.

"சந்தேகம் வந்ததும் நானே நேரடியாக ஆய்வகத்துக்குச் சென்றேன். அங்குள்ளவர்கள் விழிப்போடு இருக்கிறார்களா என்று சோதிக்க, வேண்டுமென்றே ஒரு பொய்யான எண்ணைச் சொன்னேன். அவர்கள் அதை ஏற்கவில்லை. நான் உருவாக்கிய ஆய்வகம் அது. தொள்ளாயிரம் குழந்தைகள் இன்று பத்திரமாக இருக்கிறார்கள் என்றால்…"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். விழிப்போடிருந்த ஊழியருக்கு அடுத்த வாரம் மேடையில் கேடயம் தருவதாகவும் அறிவித்தார்.

கட்டிக்காரருக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிள்ளைகள் பிழைத்தன. அவர் எழுதிய எண் நின்றது. அவர் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆள் அந்த உண்மையின் மேலேயே ஏறி உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டானே!

"அவர் சோதிக்கத்தான் வந்தாரா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"எழுதச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ எழுதலையா?"

"எழுதிட்டேன். அப்புறம்தான் கோடு போட்டு அடிச்சேன்."

அக்கா திரையின் பக்கம் திரும்பினாள். தொலைக்காட்சியில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கையில் ஒரு மடிப்புக்கூடக் கசங்காமல் கத்தி மாதிரி நின்றது. அவள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தோரு வருஷமா அந்தச் சட்டைக்கெல்லாம் நான்தான்டா இஸ்திரி போடுறேன்" என்றாள். "சீ."

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"அம்மா, ஏழு மணிக்கு ஐயாவுக்கு ஒரு பாராட்டு விழா. வெள்ளைச் சட்டை எங்கே இருக்குன்னு தெரியலையாம். உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"துவைக்கிற கூடையில கிடக்கும். அதையே எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க."

"அது அழுக்காச்சேம்மா."

"தெரியும். நீங்க போங்க."

டிரைவர் கட்டிக்காரரைப் பார்த்தார். கட்டிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கார் போய்விட்டது.

அத்தான் அதன் பிறகும் மூன்று வருஷம் அமைச்சராகவே இருந்தார். அக்கா திரும்பிப் போகவில்லை. கேடயத்தை வாங்கக் கட்டிக்காரர் மேடைக்குப் போகாததால் அதைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள்; அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். ஏழு தூண்களின் புதுக் கட்டிகள் அந்தப் பெண் உதவியாளரின் கையில் முப்பத்துமூன்றுக்கு மேல் தாங்கின என்று விடுதிக்கு ஆள் வந்து சொன்னபோது, அவர் அறுபத்தெட்டாம் கட்டிலின் கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.